உங்களுக்குத் தெரியுமா? ரேடார் திரையில் மழை

ஐப்பசி பிறந்துவிட்டால் போதும், சென்னைக்காரர்களின் வாட்ஸ்அப்பில் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக ரேடார் படங்கள் சுற்றத் தொடங்கிவிடும். "சிவப்பு கிட்ட வந்துடுச்சு, மாடித் துணியை எடு!" என்று வீட்டுக்கு வீடு ஒரு நிபுணர். அந்தச் சிவப்பை எவ்வளவு தூரம் நம்பலாம்?

● இரண்டாம் உலகப் போரில் எதிரி விமானத்தைத் தேடியவர்களின் ரேடார் திரையை மழை வந்து மறைத்தது. அன்றைக்கு அது வெறும் தொல்லை. போர் ஓய்ந்ததும், அந்தத் தொல்லையைப் படிப்பதே தனித் துறையாகிவிட்டது.

● மழை ரேடாருக்கு மேகம் அநேகமாகத் தெரியாது! துளியின் விட்டம் இரண்டு மடங்கானால், அதில் பட்டுத் திரும்பும் அலையின் வலு 64 மடங்காகும். ஆறாம் அடுக்குக் கணக்கு இது. மேகத்துளியின் விட்டம் 0.02 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், அப்படி 1,500 கோடிக்கு மேற்பட்ட துளிகள் சேர்ந்தால்தான் 1 மி.மீ. மழைத்துளி ஒன்றுக்கு ஈடாகும். வானம் கறுத்திருந்தும் திரை வெறுமையாக இருப்பது இதனால்தான். மேகத்தையே பார்க்க வேண்டுமானால் அலைநீளம் சில மில்லிமீட்டராகக் குறைய வேண்டும். 2006-ல் ஏவப்பட்ட 'கிளவுட்சாட்' செயற்கைக்கோள் அப்படித்தான் மேகங்களை மேலிருந்து அடுக்கடுக்காகப் பார்த்தது.

● அதே ஆறாம் அடுக்கு நம்மை ஏமாற்றவும் செய்யும். சில பெரிய துளிகளும் ஏராளமான சிறு துளிகளும் ஒரே நிறத்தில் தெரியலாம்; தரையில் சேரும் தண்ணீரோ வேறு வேறு. கனடாவில் மார்ஷல், பாமர் என்ற ஆய்வாளர்கள் சாயம் தடவிய வடிதாளில் துளிகளை விழவைத்து, கறையின் அளவைப் பார்த்து, எந்த மழையில் எந்த அளவுத் துளி எத்தனை என்று கணக்குப் போட்டார்கள். 1948-ல் வெளியான அந்தக் கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனாலும் அது சராசரிதான். மழைமானியோடு ஒத்துப்பார்க்காமல் மில்லிமீட்டர் சொல்பவரை நான் நம்புவதில்லை.

● மழைத்துளியைக் கண்ணீர்த்துளி மாதிரி வரைவது ஓவியர்களின் வழக்கம். பெரிய துளி உண்மையில் அடி தட்டையான பன் போலத்தான் விழுகிறது. புதிய ரேடார்கள் கிடைமட்டமாக ஓர் அலை, செங்குத்தாக ஓர் அலை என்று அனுப்பி இந்தத் தட்டையை அளக்கின்றன. ஆலங்கட்டி உருண்டு புரண்டு விழுவதால் இரண்டு அலைக்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரிந்து, மாட்டிக்கொள்ளும்.

● அமெரிக்காவின் பெரிய வானிலை ரேடார்கள் அலையை அனுப்பும் நேரத்தைக் கூட்டினால், ஒரு மணிக்குச் சுமார் 7 விநாடிதான். மீதி நேரமெல்லாம் காது கொடுத்துக் கேட்கும் வேலை.

● பூமி உருண்டை. ரேடார் அலையோ கிட்டத்தட்ட நேராகப் போவது. சென்னைத் துறைமுக நூற்றாண்டுக் கட்டடத்தின் உச்சியில் 2002 முதல் இயங்கும் டாப்ளர் ரேடாரையே எடுத்துக்கொள்வோம். அரை டிகிரி சாய்வில் அனுப்பிய அலை, சுமார் 200 கி.மீ. தள்ளியுள்ள சிதம்பரத்தைத் தொடும்போது 4 கி.மீ. உயரத்தில் இருக்கும். அங்கே தெரியும் மழை, வழியிலேயே ஆவியாகிவிடலாம். சிதம்பரத்துக்காரர்கள் காரைக்கால் ரேடாரைப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

● 1959-ல் இசே விரிகுடாவைத் தாக்கிய புயலில் ஜப்பான் 5,000-க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்தது. கடலில் வரும்போதே புயலைப் பிடிக்க, 3,776 மீட்டர் உயர ஃபூஜி மலை உச்சியில் 1964-ல் ரேடார் அமைத்தார்கள். ரேடாரை மூடும் கூண்டின் எலும்புக்கூட்டை ஹெலிகாப்டரில் தொங்கவிட்டுக் கொண்டுபோய் இறக்கினார்கள். பார்வை எட்டிய தூரம் 800 கி.மீ.! பணியை முன்னின்று நடத்திய வானிலைத் துறை அதிகாரி நிட்டா ஜிரோ, பெயர்பெற்ற நாவலாசிரியரும்கூட. செயற்கைக்கோள்கள் வந்துவிட்டதால் 1999-ல் அந்த ரேடாருக்கு ஓய்வு கொடுத்தார்கள்.

● டெக்சஸில் பிராக்கன் குகையிலிருந்து மாலையில் வெளவால் கூட்டம் கிளம்பினால், ரேடாரில் மழைமேகம் போல வளையமாக விரியும். 2012-ல் கலிபோர்னியாவில் விழுந்த விண்கல்லின் துண்டுகளை எங்கே தேடுவது என்று காட்டிக்கொடுத்ததும் வானிலை ரேடார்தான்.

● 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் சில அலைவரிசைகள், சில வகை வானிலை ரேடார்களுக்கும் உரியவை. ரேடார் சத்தம் கேட்டால் ரவுட்டர் அந்த இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. சென்னைத் துறைமுக ரேடாரின் அலைநீளம் சுமார் 10 செ.மீ., அது வேறு வரிசை. ஆகவே உங்கள் வீட்டு வைஃபை படுத்துக்கொண்டால் அதன் மேல் பழி போடாதீர்கள்.