ஞாயிற்றுக்கிழமை ஓடாத வீரர்

1924-ம் ஆண்டு. பாரீஸ் நகரத்தில் ஒலிம்பிக் போட்டி.

பிரிட்டன் அணியில் ஒரு வாலிபர் இருந்தார். பெயர், எரிக் லிடல். வயது 22. அவர் ஓடினால் காற்றும் பின்தங்கும் என்று சொல்லும்படி ஓடுவார். 100 மீட்டர் ஓட்டத்தில் தங்கப் பதக்கம் இவருக்கே என்று பலர் நம்பினார்கள்.

ஆனால், அவர் அந்த ஓட்டத்தில் ஓடவே இல்லை!

காலில் காயமா? இல்லை. காய்ச்சலா? அதுவும் இல்லை. முதல் சுற்று ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அதுதான் காரணம்!

கடவுளுக்கு உரிய நாள்

லிடலின் பெற்றோர் ஸ்காத்லாந்து நாட்டவர்கள். சீனாவில் மிஷனரிகளாக ஊழியம் செய்தவர்கள். லிடல் 1902-ல் சீனாவில் உள்ள டியன்சின் நகரத்தில்தான் பிறந்தார். ஞாயிறு என்றால் ஆராதனை, ஜெபம், வேத வாசிப்பு. மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்தப் பழக்கம் அவர் மனதில் ஆழமாக வேர் விட்டு இருந்தது.

போட்டி அட்டவணை பல மாதங்களுக்கு முன்பே வெளியாகிவிட்டது. அதைப் பார்த்ததும், 100 மீட்டர் ஓட்டத்தில் கலந்து கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார். அதிகாரிகள் வற்புறுத்தினார்கள். அவர் அசையவில்லை. தேசப் பற்று இல்லாதவர் என்றுகூடச் சிலர் பழித்தார்கள். அவர் யாரையும் திட்டவில்லை. 400 மீட்டர் ஓட்டத்துக்குப் பயிற்சி செய்யத் தொடங்கினார்.

ஜூலை 11, வெள்ளிக்கிழமை. 400 மீட்டர் இறுதி ஓட்டம். லிடலுக்குக் கிடைத்தது கடைசி ஓரப் பாதை. மற்றவர்கள் ஓடுவதை அவர் பார்க்க முடியாது. ஆனாலும் 47.6 வினாடியில் ஓடி முடித்தார். தங்கப் பதக்கம் பெற்றார்! அதற்கு முன்பே 200 மீட்டரில் வெண்கலமும் பெற்று இருந்தார்.

விடியுமுன் விளக்கு

புகழ் அவரைத் தேடி வந்தது. அவரோ மறு ஆண்டே சீனாவுக்குப் போய், பள்ளி ஆசிரியர் ஆனார்.

பிறகு போர் மூண்டது. 1941-ல், கர்ப்பிணியாக இருந்த மனைவியையும் இரண்டு மகள்களையும் கனடாவுக்கு அனுப்பி வைத்தார். மூன்றாவது மகளின் முகத்தை அவர் கடைசி வரை பார்க்கவே இல்லை. 1943-ல் ஜப்பானியர் அவரை வெய்சியன் முகாமில் அடைத்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அங்கே அடைபட்டு இருந்தார்கள்.

அங்கும் அவர் வழக்கம் மாறவில்லை. விடியுமுன் எழுவார். சிறு விளக்கின் ஒளியில், நண்பர் ஒருவருடன் வேதம் வாசித்து ஜெபிப்பார். பொழுது விடிந்ததும் வேலை. முதியோருக்கு உதவுவார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வார். பெற்றோரைப் பிரிந்து தவித்த சிறுவர் சிறுமியருக்கு அவர் "எரிக் மாமா"!

விசிலை எடுத்தார்

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் தாங்களாகவே ஹாக்கி ஆடினார்கள். நடுவர் இல்லை. ஆட்டம் சண்டையில் முடிந்தது.

அடுத்த ஞாயிறு. மைதானத்தில் நடுவராக வந்து நின்றவர் யார்? எரிக் லிடல்!

தங்கப் பதக்கத்துக்காக ஞாயிறை விட்டுக் கொடுக்காதவர், பிள்ளைகளின் சமாதானத்துக்காக விட்டுக் கொடுத்தார். தன் பெருமைக்கு ஒரு நீதி, பிறர் நன்மைக்கு ஒரு நீதி!

1945 பிப்ரவரி 21-ந்தேதி, மூளையில் ஏற்பட்ட கட்டியால் அந்த முகாமிலேயே இறந்தார். வயது 43. ஆறு மாதத்தில் முகாம் விடுதலை அடைந்தது.

ஆராதனைக்கு முதல் இடம் கொடுப்பது என்றால், கோவிலுக்குப் போய்வருவது மட்டும் அல்ல. காலையில் கடவுளிடம் பேசிய வாய், பகலில் அன்பாகப் பேச வேண்டும். ஜெபத்தில் குவிந்த கை, பிறருக்கு உதவ நீள வேண்டும்.

நமக்கு நேரம் இல்லை என்கிறோம். கைதி முகாமில் ஒருவருக்கு நேரம் இருந்தது!