கழுத்தடிச் சுரப்பி – 9: பாமாயில் மீது பழி போடலாமா?

சென்ற வாரம் உப்பையும் அயோடினையும் பார்த்தோம். அதைப் படித்ததும் பலருக்கு எழும் அடுத்த கேள்வி எண்ணெய் பற்றியது. கொருக்குப்பேட்டை ரேஷன் கடை வரிசையில் நின்றால் காதில் விழக்கூடிய கேள்விதான்: "தைராய்டு இருக்கிறவங்க பாமாயில் சாப்பிடலாமா?"

இதைச் சிலரின் வீண் பயம் என்று ஒதுக்கிவிட முடியாது. சென்னை உட்பட 8 நகரங்களில் 5,376 பெரியவர்களிடம் நடந்து, 2013-இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு இருந்தது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு அது அந்தச் சோதனையில்தான் தெரியவந்தது. இன்னொரு பக்கம், 2007-இல் சிறப்புப் பொது விநியோகத் திட்டம் வந்த பிறகு, லிட்டர் 25 ரூபாய் பாமாயில் வடசென்னைச் சமையலறைகளில் நிலையான இடம் பிடித்துவிட்டது. ஒரே வீட்டில் தைராய்டு மாத்திரையும் பாமாயிலும் இருந்தால், இரண்டையும் முடிச்சுப் போடத் தோன்றுவது இயல்பு.

எண்ணெய்களின் வித்தியாசம் அவற்றிலுள்ள கொழுப்பு அமிலங்களில் இருக்கிறது. ரேஷன் பாமாயிலில் பால்மிடிக் அமிலம் சுமார் 40 சதவீதம். ஒலியிக் அமிலமும் ஏறக்குறைய அதே அளவு. நல்லெண்ணெயில் ஒலியிக், லினோலியிக் இரண்டும் தலா 40 சதவீதத்தை ஒட்டி வரும். வழக்கமான சூரியகாந்தி எண்ணெயில் லினோலியிக் தூக்கல். தேங்காய் எண்ணெயில் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. அதில் பாதி லாரிக் அமிலம்.

இவை தைராய்டைத் தொடுமா? விலங்குச் சோதனையில் தொட்டிருக்கின்றன. பன்றிக் கொழுப்பு மிகுந்த தீனியை நெடுநாள் தின்ற எலிகளுக்குத் தைராய்டு ஹார்மோன் குறைந்து, அதைச் சுரக்கத் தூண்டும் டி.எஸ்.எச். ஏறியதாக 2014-இல் சீன ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆனால் எலிக்கு ஊட்டிய அளவு வேறு, நாம் தாளிக்க ஊற்றும் இரண்டு ஸ்பூன் வேறு. ஓர் எண்ணெயை விட்டு இன்னொன்றுக்கு மாறியதால் மனிதரின் தைராய்டு குணமானது என்று நிறுவிய நம்பகமான சோதனை கிடையாது. "தினம் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் குடித்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம்" என்ற வாட்ஸப் வைத்தியத்துக்கும் இதே பதில்தான்.

கொழுப்பு அமிலம் தைராய்டு கணக்கைக் குழப்புவது தெளிவாகத் தெரிந்த இடம் ஒன்று உண்டு. அது பரிசோதனைக் கூடம். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் ஊசி போட்டவரின் ரத்த மாதிரியில், கொழுப்பு உடைந்து கொழுப்பு அமிலங்கள் பெருகும். புரதத்தைப் பற்றிக்கொண்டிருக்கும் டி-4 என்னும் தைராய்டு ஹார்மோனை அவை பிடுங்கிவிட, 'ஃப்ரீ டி-4' அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். ஆகவே, அந்த ஊசி போட்டுக்கொள்பவர்கள் ரத்தம் கொடுக்கும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும்.

உண்மையான செல்வாக்கு பெரும்பாலும் எதிர்த் திசையில்தான். தைராய்டுதான் கொழுப்பை ஆள்கிறது. ரத்தத்திலுள்ள எல்.டி.எல். கொலஸ்ட்ராலைப் பிடித்து இழுக்கும் ஏற்பிகள் கல்லீரலில் உள்ளன. தைராய்டு ஹார்மோன் குறைந்தால் இந்த ஏற்பிகளும் குறையும். கொலஸ்ட்ரால் ரத்தத்திலேயே தேங்கும். எண்ணெயை எவ்வளவு குறைத்தும் கொலஸ்ட்ரால் இறங்காதவர் ஒருமுறை டி.எஸ்.எச். பார்த்துக்கொள்வது நல்லது. சுரப்புக் குறைவுதான் காரணம் என்றால், அதற்கான மாத்திரையிலேயே கொலஸ்ட்ரால் ஓரளவு இறங்கும்.

அப்படியானால் பாமாயிலுக்கு முழு விடுதலையா? இல்லை. பால்மிடிக் அமிலம் எல்.டி.எல்.-ஐ ஏற்றும். தைராய்டு குறைவால் ஏற்கெனவே கொலஸ்ட்ரால் ஏறியவருக்கு அது கூடுதல் சுமை. அளவைக் குறைத்து, கடலை எண்ணெயையோ நல்லெண்ணெயையோ மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். பஜ்ஜி சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டாம். காசிமேட்டில் மலிவாகக் கிடைக்கும் கவலை, கானாங்கத்தை மீன்களில் ஒமேகா-3 கொழுப்போடு, சுரப்பிக்குத் தேவையான அயோடினும் செலினியமும் இருக்கின்றன. வறுக்காமல் குழம்பில் போட்டால் இன்னும் நல்லது.

எந்த எண்ணெய் என்பதைவிட, மாத்திரையை எப்படிப் போடுகிறோம் என்பதே தைராய்டுக்கு முக்கியம். வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் விழுங்குங்கள். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துக் காபி, டிபன். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி விடுங்கள். எண்ணெயை மாற்றுவது உங்கள் விருப்பம். மாத்திரையை மாற்றுவதும் நிறுத்துவதும் மருத்துவர் சொன்னால் மட்டுமே.

(அடுத்த வாரம்: கம்பும் முட்டைகோஸும் கழுத்தை வீங்க வைக்குமா?)