வெண்பனி வழியே – 6: முதற்பனியின் சாட்சியம்

தாவோஸ் நகரைவிட்டு, குளிர்காலத்தில் வாகனப் போக்குவரத்து நின்றுபோகும் ஃப்ளூயெலா கணவாய்ச் சாலை வரை சென்ற வாரம் வந்து சேர்ந்தோம். 2,383 மீட்டர் உயரமுள்ள அந்தக் கணவாயை நோக்கி ஏறுவதற்கு முன்னால் நவம்பர் மாதத்துப் பனியின் சுபாவத்தைச் சற்று விஸ்தாரமாகச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. ஏனெனில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களில்கூடப் பலர், பனி ஆளுயரம் குவிந்து கிடக்கும் ஜனவரியிலும் பிப்ரவரியிலுந்தான் பனிச்சரிவுக்கு அஞ்ச வேண்டுமென்றும், கற்களைக்கூட முழுவதும் மூடாமல் முழங்கால் அளவுக்குப் படிந்திருக்கும் ஆரம்பகாலத்துச் சொற்பப் பனியால் என்ன கெடுதல் நேர்ந்துவிடப் போகிறதென்றும் எண்ணியிருக்கிறார்கள். அது சொற்பமாக இருப்பதில்தான் கெடுதலே இருக்கிறது.

அக்டோபரில் பெய்யும் முதற்பனி, வெயில் விழும் தெற்குச் சாய்வுகளில் சில தினங்களில் உருகிப் போகிறது. வடக்கு நோக்கிய நிழற்சாய்வுகளிலோ அது தங்கிவிடுகிறது. கோடையின் சூட்டை இன்னும் இழக்காத பூமியை ஒட்டிய அடிப்பாகத்தில் உஷ்ணநிலை ஏறக்குறைய 0 டிகிரி. மேற்பரப்போ, மேகமற்ற நீண்ட இரவுகளில் மைனஸ் 15 டிகிரிக்கும் கீழே குளிர்ந்து போகிறது. இந்த வித்தியாசம் இரண்டு மீட்டர் கனத்தில் பரவியிருந்தால் அதன் விளைவு மந்தமாகவே இருக்கும். 40 செண்டிமீட்டருக்குள் அது அடைபட்டு, 10 செண்டிமீட்டருக்கு 1 டிகிரி என்ற எல்லையைத் தாண்டும்போது, அடியிலுள்ள பனி திரவமாகாமலே ஆவியாகி மேலெழுந்து, குளிர்ந்த மணிகளின்மீது மறுபடியும் உறைந்து, தட்டையான முகங்களும் கூரிய கோணங்களும் கொண்ட, ஒன்றோடொன்று பற்றாத படிகங்களாக வளர்கிறது. முதிர்ந்தவை உட்குழிந்து கிண்ண வடிவம் கொள்ளும். கையில் அள்ளினால் சீனியைப் போல் விரலிடுக்கில் ஒழுகிவிடும் இந்தப் படலத்தின்மேல், காற்று வாரிக்கொண்டு வந்து போடும் புதுப்பனி ஒரே பாளமாக இறுகிவிட்டால், 30 டிகிரிக்கு மேற்பட்ட சாய்வில், ஸ்கீ அணிந்த ஒரு மனிதனின் பாரமே அதைப் பெயர்த்துவிடப் போதுமானது.

இவ்விஷயங்களை நுணுகி ஆராய்ந்தவர்களும் இந்த ஊரைச் சேர்ந்தவர்களே. தாவோஸுக்கு மேலே வைஸ்ஃப்ளூயோக்கில் 1930-களில் தொடங்கிய ஆராய்ச்சி 1942-ல் ஒரு நிலையான ஸ்தாபனமாயிற்று. 1950-51 குளிர்காலத்தில் ஸ்விட்சர்லாந்தில் 98 பேர் பனிச்சரிவுகளுக்குப் பலியான பிறகு அதன் எச்சரிக்கைகளுக்கு மதிப்பு இன்னும் உயர்ந்தது. அங்கே பணியாற்றிய ஆந்த்ரே ரோக், 1947-ல் நம்முடைய கார்வால் இமயத்துக்கு வந்து, கேதார்நாத், சதோபந்த் சிகரங்களில் முதன்முதலில் ஏறிய ஸ்விஸ் குழுவைச் சேர்ந்தவர். பனியை ஆராயத் தெரிந்தவருக்குப் பனியில் நடக்கவும் தெரிந்திருந்தது; எல்லாத் துறை நிபுணர்களுக்கும் இது வாய்ப்பதில்லை.

ஸ்கீக்களின் அடியில் தோல்பட்டைகளை ஒட்டிக்கொண்டு – முன்னாளில் கடல்நாய்த் தோல், இப்பொழுது ஆட்டு ரோமமும் நைலானும் – நாங்கள் ஏறத் தொடங்கியபோது, அரை அடிப் பனிக்குக் கீழே மறைந்திருந்த கற்கள் கறகறவென்று உராய்ந்துகொண்டே வந்தன. புதையுண்டவரைக் கண்டுபிடிப்பதற்காக 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓயாமல் சமிக்ஞை அனுப்பும் சிறு கருவியொன்று ஒவ்வொருவர் மார்பிலும் இருந்தது. ஆனால் முதற் கால்மணி நேரத்துக்குள் வெளியே எடுக்கப்படாதவர் பிழைப்பது அரிது என்பதால், அக்கருவியை நம்பி யாரும் மலையேறுவதில்லை. சமதளமான ஒரு புல்வெளியைக் கடக்கையில், காலடியில் 'வும்' என்று கனத்த ஓசை எழுந்து, பனிப்பரப்பு முழுவதும் ஒரு விரற்கடை அமிழ்ந்தது. அடிப்படலம் நொறுங்கும் ஓசை அது. வழிகாட்டி திரும்பிப் பார்த்தார், பேசவில்லை.

சற்று மேலே, வழுக்கினாலும் அபாயமில்லாத ஒரு சிறு மேட்டில், நாங்கள் செல்ல உத்தேசித்த சாய்வைப் போலவே வடக்கு நோக்கிய இடத்தில், தரைவரை குழி தோண்டினார். அதன் சுவரில் 90 செண்டிமீட்டர் அகலமும் 30 செண்டிமீட்டர் ஆழமும் உள்ள ஒரு தூணை ரம்பத்தால் அறுத்துத் தனிப்படுத்தி, அதன் ஒரு கோடியில் மண்வாரியின் தகட்டை வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டுகள் தட்டினார்; ஒன்றுமில்லை. அடுத்த பத்தை முழங்கையிலிருந்து தொடங்கினார். மூன்றாவது தட்டில், தகட்டுக்குக் கீழே உண்டான மெல்லிய கோடு கண்ணிமைக்கும் நேரத்தில் மறுகோடி வரை ஓடிற்று. மேற்பாளம் முழுவதும் அப்படியே வழுக்கி அவர் முழங்கால்களின்மேல் வந்து சாய்ந்தது.

"வேறோர் இடத்தில் இன்னொரு குழி தோண்டிப் பார்க்கலாமே?" என்றான் எங்களில் இளையவன்.

"நமக்குப் பிடித்த விடை கிடைக்கும்வரை தோண்டலாந்தான்," என்றார் அவர்.

இந்தப் பரீட்சை ஒருதலையான சாட்சியம் என்பது புத்தகம் படித்தவர்களுக்கும் எளிதில் மனத்தில் பதிவதில்லை. அந்தத் தூண் உடையாமல் நின்றிருந்தாலும், இருபது அடி தள்ளி ஒரு பாறையை ஒட்டிப் பனி மெலிந்திருக்குமிடத்தில் பாளம் உடையாதென்பதற்கு அது உத்தரவாதமாகாது. உடைந்ததோ, அம்மாதிரிச் சாய்வுகளுக்கு அன்று போகலாகாது என்பதற்குப் பூரணமான ஆதாரம். குழிக்குத் தடுக்க மட்டுமே அதிகாரம் உண்டு. அனுமதி வழங்கும் அதிகாரத்தை அதனிடம் கேட்பவர்கள், ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட ஒன்றுக்குக் கையெழுத்துத் தேடுகிறவர்கள்.

ஆகவே உத்தேசித்த சாய்வைக் கைவிட்டு, 30 டிகிரிக்குக் குறைந்த ஓர் அகன்ற முதுகின் வழியாக ஏறினோம். செங்குத்தான சாய்வுகளின் அடிவாரத்தையும் விலக்கினோம், சமதளத்தில் தொடங்கும் நொறுங்கல் மேலேயுள்ள பாளத்தைக்கூட இழுத்துவிடக்கூடும் என்பதால். குழியின் உயரம், திசை, படலங்களின் கனம் யாவற்றையும் வழிகாட்டி ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். மேலே எவ்வளவு பனி பெய்தாலும் இப்படிகங்கள் சுலபத்தில் பிணைந்து உறுதிப்படுவதில்லை. சில வருஷங்களில் வசந்தம்வரை அப்படியே கிடந்து, உருகுநீர் கீழிறங்கும்போது மறுபடியும் அபாயமாகின்றன. பிப்ரவரியில் அங்கே வருபவர் ஒன்றரை மீட்டர் பனியைத் தோண்டினால், எங்களுடைய நவம்பரை அடியில் காண்பார்.

(தொடரும்)