பெயர் எழுதும் கட்டத்தில் ஒரு நெட்டைக்கால் ஈ

2020 ஜனவரி 31-க்குள் ஊர்தோறும், அங்குள்ள உயிரினங்களைப் பதியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாராகியிருக்க வேண்டும். தவறும் மாநிலம் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் உத்தரவிட்டிருந்தது. நார்த்தாமலை, குடுமியான்மலைப் பக்கத்து வாசகர்கள் கேட்கிறார்கள்: மழைக்குப் பிறகு விளக்கடியில் வந்து ஒட்டும் ‘பெரிய கொசு’வை இந்தப் பதிவேட்டில் எப்படிப் பதிவது?

அது கொசு அல்ல, கிரேன் ஃப்ளை எனும் நெட்டைக்கால் ஈ. பதிவேட்டின் படிவத்தில் பூச்சிக்கு இடம் உண்டு. சிக்கல், ‘அறிவியல் பெயர்’ என்ற கட்டத்தில்தான்.

உலகில் இதில் சுமார் 15,000 இனங்கள். முதுகில் ‘வி’ வடிவக் கோடு தெரிந்தால் குடும்பம் உறுதி. இறக்கை நரம்புகளைப் பார்த்தால் பேரினம்வரை போகலாம். அதற்கு மேல் ஆண் பூச்சி வேண்டும். அதன் வயிற்று நுனியை வெட்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்துச் சதையைக் கரைத்து, கிளிசரினில் இட்டு, இணைசேரும்போது பெண்ணைப் பற்றும் கொக்கிகளை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பெண் பூச்சியை வைத்துப் பெரும்பாலும் இனம் சொல்ல முடியாது. ஈரமண்ணிலும் மட்கிய இலையிலும் வாழும் இதன் புழுவை வைத்துச் சொல்வது இன்னும் கடினம். வளர்ந்த பூச்சி வாழ்வதோ சில நாட்கள். பதிவேட்டுக்காக நடத்தும் ஒருநாள் முகாமில் எதைக் கண்டுவிட முடியும்? ‘பதிவேடு முடிந்தது’ என்று அதிகாரிகள் சொன்னால் படிவம் நிரம்பியது என்று மட்டும் பொருள்கொள்ளுங்கள்.

ஆனைமலையில் இந்தப் பூச்சிகளுக்குப் பெயரிடும் பணி நடந்த விதத்தைப் பாருங்கள். காரைக்கால் பக்கம் குரும்பகரத்தைச் சேர்ந்த சூசை நாதன் சின்கோனா தோட்டப் பகுதியில் பூச்சிகளைச் சேகரித்து வெளிநாடுகளுக்கு அனுப்பினார். அமெரிக்காவில் இருந்தபடி அவற்றுக்குப் பெயரிட்டவர் சார்லஸ் அலெக்ஸாண்டர். வாழ்நாளில் 11,000-க்கும் மேற்பட்ட இனங்களை விவரித்தவர். அவருடைய சேகரிப்பு இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் மலைப் பூச்சியை ஒப்பிட்டுப் பார்க்க வாஷிங்டன்வரை போகவேண்டிய நிலையில், பதிவேடு எழுதும் ஊராட்சிக்கு ஒரு நுண்ணோக்கிகூடத் தராமல் கெடு மட்டும் வைத்தது நியாயமில்லை.

கடிக்குமா? கடிக்காது.

கொசுவைத் தின்னுமா? தின்னாது.

கால் உதிர்ந்த பூச்சி பயன்படுமா? பயன்படும்; பிடித்தாலே கால் கழன்றுவிடும், இறக்கையும் வயிற்று நுனியும் இருந்தால் போதும்.

சரணாலயத்தில் பிடிக்கலாமா? தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதியின்றிக் கூடாது.

பெயர் தெரியாவிட்டால்? ஊகித்து எழுதாதீர்கள். இடம், தேதி, ஓடைக்கரையா கோயில்காடா என்பதைப் பென்சிலால் எழுதி, ஆண் பூச்சியோடு சாராயக் குப்பியில் இட்டு வையுங்கள். சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது, அங்கே கேளுங்கள். பதில் வரும்வரை அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.