எல்லைத் தொகுதியின் மொழியும் சார்பாளுமையும்: ஒசூர் கே. கோபிநாத்தின் அரசியல் வாழ்வு

2024 ஜூன் மாதத்தில் மக்களவையில் தமிழக உறுப்பினர் பெரும்பாலோர் தமிழில் உறுதிமொழி ஏற்றபோது, கிருஷ்ணகிரி உறுப்பினர் கே. கோபிநாத் தெலுங்கில் ஏற்றார். இந்நிகழ்வு புதுமையாகப் பேசப்பட்டது. எனினும், அவரது சட்டமன்ற வாழ்வோடு இணைத்து நோக்கினால், எல்லைப்புறத் தொகுதி ஒன்றின் நெடுநாள் சிக்கலே அதில் வெளிப்படுவதை உணரலாம்.

ஒசூர் கர்நாடகத்தை ஒட்டிய பகுதி. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் இங்கு வழங்குகின்றன. சிப்காட் தொழிற்பேட்டையும் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் ஆலைகளும் பிற மாவட்டத்தாரை இங்குக் குடியேறச் செய்தன. 1996இல் தமிழகத்தில் ஜனதா தளம் வென்ற ஒரே தொகுதி ஒசூர் என்பது இதன் தனித்தன்மையைக் காட்டும்.

காங்கிரசு வேட்பாளராகக் கோபிநாத் 2001, 2006, 2011 ஆகிய மூன்று தேர்தல்களிலும் இங்கு வென்றார். முதல் வெற்றி அ.தி.மு.க. அணியிலும், பின்னிரண்டும் தி.மு.க. அணியிலும் கிடைத்தவை. 2011இல் 63 இடங்களில் போட்டியிட்ட காங்கிரசு வென்ற ஐந்து இடங்களுள் ஒசூரும் ஒன்று. ஆகவே, கூட்டணி வலிமை மட்டுமே அவரது வெற்றிக்குக் காரணம் எனல் பொருந்தாது.

2006இல் தி.மு.க. அரசு தமிழ் கற்றல் சட்டத்தை இயற்றியது. முதல் வகுப்பில் தொடங்கிய கட்டாயத் தமிழ்ப்பாடம் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக உயர்ந்து, 2015–16இல் பத்தாம் வகுப்பை எட்டியது. மாநில மொழியை அனைவரும் அறிதல் வேண்டும் என்பது சட்டத்தின் நோக்கம்; தாய்மொழிக் கல்வி தேய்ந்துவிடும் என்பது மொழிச் சிறுபான்மையினரின் அச்சம். அப்போது காங்கிரசு அரசுக்கு வெளியிலிருந்து ஆதரவளித்து வந்தது. இதனால், அணியின் கொள்கைக்கும் தொகுதியினர் ஒரு சாராரின் கோரிக்கைக்கும் இடையே நிற்கும் நிலை ஒசூர் உறுப்பினருக்கு ஏற்பட்டது. பின்னர்ச் சட்டமன்றத்தில் தெலுங்கு மொழியினரின் சிக்கலைக் கோபிநாத் எழுப்பியபோது, முதல்வர் ஜெயலலிதா தெலுங்கிலேயே மறுமொழி கூறினார்.

அரசமைப்பின் 210ஆம் உறுப்பு, மாநில ஆட்சிமொழியிலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ தம் கருத்தைச் செவ்வனே கூறவியலாத உறுப்பினர் அவைத்தலைவரின் இசைவோடு தாய்மொழியில் பேச இடமளிக்கிறது; 350அ உறுப்பு, சிறுபான்மைக் குழந்தைகளின் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யுமாறு மாநிலத்தைப் பணிக்கிறது. முன்னது அவையில் பேசுவோருக்கு உரியது. பின்னது வகுப்பறையில் பயில்வோருக்கு உரியது. அவையில் தெலுங்கு ஒலித்ததனாலேயே வகுப்பறைச் சிக்கல் தீர்ந்துவிடாது.

மொழியடையாளமும் நிலையான வாக்குவங்கி அன்று. 2016இல் கோபிநாத் அ.தி.மு.க.வின் பி. பாலகிருஷ்ண ரெட்டியிடம் தோற்றார். 2024இல் நாடாளுமன்ற உறுப்பினராக மீண்டார். எல்லைத் தொகுதியின் சார்பாளர் தம் மக்கள் பேசும் மொழியில் உறுதிமொழி ஏற்பது அடையாளச் சார்பாளுமை. அம்மொழியில் பயிலும் குழந்தைக்கு ஆசிரியரும் பாடநூலும் கிடைக்கச் செய்வதே செயற்சார்பாளுமை. இவ்விரண்டிற்கும் இடையிலான தொலைவே எல்லைத் தொகுதி உறுப்பினர் ஒருவரின் பணியை மதிப்பிடத்தக்க அளவுகோலாகும்.