அருகிவரும் தாவ் மொழி

மொழியென்பது மக்கள் நாவில் வாழ்வது. பேசுவோர் ஒழிந்தபின் அஃது ஏட்டிலிருப்பினும் உயிருடையதென்று கூறல் அரிது. இதனைத் தெளிதற்குத் தாவ் மொழி தக்கதோர் எடுத்துக்காட்டாமென எண்ணுகின்றோம்.

தைவான் தீவின் நடுவே, மலைகள் சூழ்ந்த சூரிய சந்திர ஏரியின் கரையில் வாழும் பழங்குடியினரே தாவ் மக்கள். அவர் மொழியில் 'தாவ்' என்பதற்கு 'மனிதர்' என்பதே பொருள். வெண்மானொன்றைத் துரத்திவந்த தம் முன்னோர் இவ்வேரியைக் கண்டு குடியேறினர் என்பது அவர்தம் மரபுரை. மலாய், மாவோரி முதலிய மொழிகளோடு தாவ் மொழியும் ஆஸ்திரோனேசியக் குடும்பத்தைச் சார்ந்தது. ஐந்தென்னும் எண்ணுப்பெயர் மலாயில் 'லிமா' எனவும், மாவோரியிலும் தாவ் மொழியிலும் 'ரிமா' எனவும் வழங்குதல் காண்க.

இம்மொழி நலிந்தமைக்குக் காரணம் பலவாம். சீனக் குடியேறிகள் பெருகவே, வாணிகத்திற்கும் மணவுறவிற்கும் அவர்தம் மொழியே கருவியாயிற்று. 1895 முதல் 1945 வரை தீவையாண்ட ஜப்பானியர் பள்ளிகளில் தம் மொழியைப் புகுத்தினர். பின்வந்த சீன ஆட்சியாளர் மாண்டரின் மொழியை நிலைநாட்டினர். 1934-ஆம் ஆண்டில் நீர்மின் திட்டத்தின் பொருட்டு ஏரிநீர் உயர்த்தப்பட, புனிதமான லாலு தீவின் பெரும்பகுதி மூழ்கிற்று. மக்கள் வேறிடம் பெயர்ந்தனர். 1999-ஆம் ஆண்டு நிலநடுக்கம் வீடுகள் பலவற்றை இடித்தது. 2001-ஆம் ஆண்டில்தான் அரசினர் இவர்களைத் தனியினமாக ஏற்றனர். அதுகாறும் ட்சோ என்னும் வேற்றினத்தோடு சேர்த்தெண்ணப்பட்டனர்.

இன்று தாவ் மக்கள் 1,000 பேரினும் குறைந்தோரே. அவருள்ளும் இளமைமுதற் பேசிப் பழகியோர் முதியோர் மிகச் சிலரே. மொழியறிஞர் ராபர்ட் பிளஸ்ட் இயற்றி 2003-ஆம் ஆண்டில் வெளிவந்த தாவ் அகராதி ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டது. சொற்களைக் காக்க அது போதும். மொழியைக் காக்கப் போதுமோ?

தாவ் மக்கள் முன்னோரின் ஆடைகளைக் கூடையிலிட்டு இல்லந்தோறும் போற்றுகின்றனர். விழாக்காலத்தில் பூசகப் பெண்டிர் அக்கூடைகளின் முன்னமர்ந்து, முன்னோரைப் பெயர்சொல்லித் தாவ் மொழியிலேயே அழைப்பர். அம்மொழி மறைந்தால், கூடையிருக்கும், ஆடையுமிருக்கும்; அழைப்பதற்குச் சொல்லிராது. 2017-ஆம் ஆண்டில் தைவான் அரசு பழங்குடி மொழிகளைப் பேணச் சட்டமியற்றியது நன்றே. ஆயினும் சட்டமும் அகராதியும் துணையன்றி உயிராகா. தாயும் சேயும் இல்லத்திற் பேசும் பேச்சே ஒரு மொழிக்கு உயிராமென்பது நம் துணிபு.