சேர்க்கையைப் பார்த்துக் கையாள்: சீரியம் உப்பு சொல்லும் பாடம்

‘அருமண் உலோகம்’ என்ற பெயர் ஆய்வகத்துக்குப் புதியவர்களை இரண்டு விதமாகத் தடுமாற வைக்கிறது. அரிய பொருள் என்றால் கொடிய பொருளாகவும் இருக்கும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். கைபேசியிலும் காந்தத்திலும் புழங்கும் பொருள்தானே என்று வேறு சிலர் அலட்சியமாக எடுக்கிறார்கள். பெயரில் உள்ள அருமையே முதலில் பொருந்தாது. புவியோட்டில் ஒரு டன் பாறைக்குச் சராசரியாக 60 கிராம் அளவில் சீரியம் என்ற அருமண் உலோகம் இருக்கிறது. செம்பும் ஏறத்தாழ அதே அளவுதான். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கலந்திருக்கும் மோனசைட் கனிமத்திலும் சீரியம் உண்டு. இந்த உலோகங்களின் உப்பைக் கையில் எடுப்பவர் கேட்க வேண்டியவை மூன்று கேள்விகள். உலோகம் எதனோடு சேர்ந்திருக்கிறது? எந்த ஆக்சிஜனேற்ற நிலையில் இருக்கிறது? தூளா, கரைசலா? ஆபத்தின் பெரும்பகுதி இந்தப் பதில்களுக்குள்தான் அடங்கியிருக்கிறது.

இதற்கு மருத்துவத்திலேயே சான்று உண்டு. அருமண் உலோகமான லாந்தனத்தின் கார்பனேட் நீரில் கரையாத உப்பு. சிறுநீரக நோயாளிகளின் உணவிலுள்ள பாஸ்பேட்டைக் குடலிலேயே பிடித்துவைக்கும் மாத்திரையாக அது பயன்படுகிறது. அமெரிக்காவில் 2004இல் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. மற்றோர் அருமண் உலோகமான கடோலினியத்தின் கதை இன்னும் தெளிவானது. கடோலினியம் குளோரைடு நீரில் கரைந்தால் தனி அயனி வெளிப்படும். பருமனில் கால்சியம் அயனிக்கு நெருக்கமான அது, உயிரணுக்களுக்குள் கால்சியம் நுழையும் வழிகளை அடைத்துவிடக்கூடியது. அதே அயனியைக் கரிமச் சேர்மம் ஒன்றின் பிடிக்குள் இறுக்கி, எம்.ஆர்.ஐ. படம் தெளிவாகத் தெரிவதற்காக 1988 முதல் நோயாளிகளின் இரத்தத்திலேயே செலுத்துகிறார்கள். பிடி தளர்ந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியவந்தது. சிறுநீரகம் பழுதான சிலருக்குத் தோல் இறுகும் நோய் வருவதற்கும் இந்த மருந்துக்கும் உள்ள தொடர்பை 2006இல் மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். அதன்பின் இறுக்கமான பிடியுள்ள சேர்மங்களுக்கே முன்னுரிமை வந்தது. உலோகம் மாறவில்லை, அதன் சேர்க்கை மாறியபோது விளைவும் மாறியது.

ஆய்வகத்தில் இந்தப் பாடத்தை நேரே கற்றுத்தரும் பொருள் செரிக் அம்மோனியம் நைட்ரேட். ஆரஞ்சு நிறப் படிகமான இது, ஆல்கஹாலைக் கண்டறியும் சோதனை வழியாக வேதியியல் மாணவர் பலருக்கும் பழக்கமானது. ஒவ்வொரு சீரியம் அணுவையும் ஆறு நைட்ரேட்டுகள் சூழ்ந்திருக்கின்றன. எடைக்கணக்கில் பார்த்தால் 100 கிராம் உப்பில் சீரியம் சுமார் 26 கிராம், நைட்ரேட் சுமார் 68 கிராம். நைட்ரேட் தானே ஆக்சிஜனேற்றி. நான்கு நேர்மின்சுமை கொண்ட சீரியமும் எலக்ட்ரானைப் பறிக்கத் துடிக்கும் வலிய ஆக்சிஜனேற்றி. இரண்டும் ஒரே படிகத்தில் கூடியிருக்கின்றன. ஆல்கஹால் சோதனையில் மாணவர் காண்பதும் இதன் சிறிய வடிவமே. ஆல்கஹால் பட்டதும் கரைசல் சிவக்கிறது. நேரம் போகப் போக ஆல்கஹால் ஆக்சிஜனேற்றமடைய, சீரியம் மூன்று நேர்மின்சுமைக்கு இறங்கி நிறம் வெளுக்கிறது. சோதனைக்குழாயில் நீர்த்த சில துளிகள் என்பதால் அது பாதுகாப்பாக நடந்தேறுகிறது. திண்ம உப்பு பெருமளவில் காகிதம், மரத்தூள், அசிட்டோன் போன்றவற்றோடு கலந்தால் அதே வினை தீயாக முடியலாம்.

கையாளும் முறைகள் அனைத்தும் இந்த ஒரே காரணத்திலிருந்து கிளைக்கின்றன. உப்பைக் காகிதத்தில் கொட்டி எடை போடாமல் கண்ணாடிக் கலத்தில் எடுக்கச் சொல்வது, காகிதம் எரிபொருள் என்பதால். சிந்தியதை டிஷ்யூ காகிதத்தால் துடைத்துக் குப்பைக்கூடையில் போட்டால், நீர் உலர்ந்தபின் அந்தக் காகிதம் எளிதில் தீப்பற்றும் பொருளாகிவிடும். அதனால் துடைத்த துணியையும் காகிதத்தையும் நீரில் நன்றாக அலச வேண்டும். கரைப்பான் குப்பிகள் இருக்கும் அலமாரியில் இதற்கு இடம் கிடையாது. தீப்பிடித்தால் போர்வை போட்டு மூடிக் காற்றை மறிக்கும் உத்தி பலிக்காது, ஆக்சிஜன் உப்புக்குள்ளேயே இருக்கிறது. நிறைய நீர் தேவை. சூடேறினால் நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள் வெளிவரும் என்பதால் அந்த வேலையைப் புகைபோக்கிப் பெட்டிக்குள்தான் செய்ய வேண்டும். கண்ணில் பட்டால் கடுமையான பாதிப்பு நேரலாம் என்பதால் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். மீறிப் பட்டுவிட்டால் ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

“சீரியம் நச்சு குறைந்த உலோகம், சீரியம் ஆக்சலேட்டை ஒரு காலத்தில் கர்ப்பிணிகளின் வாந்திக்கே கொடுத்தார்களே, இத்தனை கெடுபிடி எதற்கு?” என்று கேட்கலாம். கேள்வியில் உண்மை இருக்கிறது. ஆனால் ஆக்சலேட் கரையாத உப்பு, ஆக்சிஜனேற்றியும் ஆகாது. அதைக் காட்டி நைட்ரேட்டுக்கு நற்சான்று தர முடியாது. நச்சு குறைவு என்பதும் ஆபத்து குறைவு என்பதும் வேறுவேறு. தீ, உடலுக்குள் போய்ச் சேரும்வரை காத்திருக்காது. தூளாக நுரையீரலை அடையும்போது அந்த நச்சுக்குறைவும் கேள்விக்குள்ளாகிறது. கார்பன் வில்விளக்குகளின் புகையைப் பல ஆண்டுகள் சுவாசித்த தொழிலாளர்களின் நுரையீரலில் அருமண் துகள்கள் படிந்து நோய் உண்டானதை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. “அப்படியானால் எல்லா அருமண் உப்பையும் கொடுநஞ்சாகவே கருதிவிடலாமே” என்பது எதிர்முனை வாதம். கேட்பதற்கு அது எச்சரிக்கையாகத் தோன்றும், ஆனால் நடைமுறையில் கவனத்தை மழுக்கிவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே அச்சம் என்றால் எதற்கு எந்தக் காப்பு என்ற பகுப்பு மறைந்துவிடும். நஞ்சுக்கு அஞ்சிக் கையுறை அணிந்தவரே, ஆக்சிஜனேற்றியை அசிட்டோன் கழிவோடு ஊற்றிவிடக்கூடும்.

கழிவில்தான் இந்தப் புரிதல் முழுமையாகச் சோதிக்கப்படுகிறது. மிஞ்சிய செரிக் கரைசலை நன்கு நீர்க்கச் செய்து, சோடியம் தயோசல்பேட் போன்ற ஒடுக்கியைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் ஆரஞ்சு நிறம் மறையும். வலிய ஆக்சிஜனேற்றியான சீரியம் அடங்கிவிட்டது என்பதற்கு அந்த நிறமாற்றமே அறிகுறி. நைட்ரேட் அப்போதும் கரைசலில் இருக்கிறது. நீர்வாழ் உயிர்களுக்குச் சீரியம் உப்பு கேடு விளைவிக்கும். ஆகவே நிறம் போய்விட்டது என்று தொட்டியில் கொட்டாமல், பெயரெழுதிய கலனில் சேர்த்து முறையான கழிவு அகற்றலுக்கு அனுப்ப வேண்டும். குப்பியின் முகப்பில் வட்டத்தின் மேல் சுடர் எரிவது போன்ற ஒரு குறி இருக்கும். அது சீரியத்தின் அருமையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை, அதன் சேர்க்கையைப் பற்றிச் சொல்கிறது. மூடியைத் திருகும் முன் அந்தக் குறியைப் படித்து, அருகில் எரியக்கூடியது எது என்று மேசையை ஒருமுறை பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். மற்ற எல்லாக் காப்பும் அந்த அரை நிமிடத்திலிருந்துதான் தொடங்குகிறது.